ஏழையிடம் கொள்ளையடிக்க என்ன இருக்கிறது? (நீதிமொழிகள் 22:22)

லயத்து வீடு | வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எங்கள் சபையில் புதன்கிழமை இரவு வேதபாடம் நடக்கும். பதினைந்து பேர் வந்தால் அதிகம். இந்த வாரம் நீதிமொழிகள் 22ஆம் அதிகாரம். 22ஆம் வசனத்தை நான்தான் வாசித்தேன்: "ஏழையாயிருக்கிறான் என்று ஏழையைக் கொள்ளையிடாதே."

மேலே வாசிப்பதற்குள் பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கேட்டார்: "ஏம்மா, ஏழைகிட்ட கொள்ளையடிக்க என்ன இருக்கு? திருடன் பணக்காரன் வீட்டுக்குத்தானே போவான்?"

அந்தப் பாட்டி நாற்பது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். இப்போது ஒரு காண்டிராக்டரிடம் செம்பனை (பாமாயில் மரம்) காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். வயது எழுபதை நெருங்குகிறது. இரண்டு மாதச் சம்பளம் அவருக்கு இன்னும் வரவில்லை. அது அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பாடம் நடத்தியவர், "நல்ல கேள்வி, யோசிப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஏழைக் குடும்பங்களுக்குப் பொருள் கொடுக்கும் பட்டியலில் அந்தப் பாட்டியின் பெயர் இருக்கிறது. அரிசி 10 கிலோ, எண்ணெய், மீலோ, பிஸ்கட் டின். பட்டியலை எழுதுகிறவள் நான்தான். இன்று அவர் பெயருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

பாட்டியின் கேள்விக்கு நேரான பதில் எனக்கு வேண்டும். ஏழையிடம் கொள்ளையடிக்க என்ன இருக்கிறது?

ஆறாம் கட்டை | வெள்ளி, இரவு 10.25

தங்கச்சி, இதை நான் சொல்கிறேன். எனக்குக் கண்ணால் பார்த்த பதில் இருக்கிறது.

1968ல் தோட்டத்தில் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக ஆரம்பித்தேன். காலை ஐந்தரைக்குப் பெயர் கூப்பிடுவார்கள். பத்து, பதினொரு மணிக்குப் பாலை எடுத்து வாளியைக் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) மாட்டி ஸ்டோருக்குக் கொண்டு போவோம். அங்கே எடை போட்டு, மெட்ரோலாக் குழாயைப் பாலில் விட்டு ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பால் கெட்டியா தண்ணியா என்பதை அந்தக் குழாய்தான் சொல்லும். குழாய் சொல்வதை வாசிக்கிறவர் கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா. அவர் வாய்விட்டுச் சொல்லும் எண்தான் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஏறும். குழாயை எட்டிப் பார்க்கும் இடத்தில் நாங்கள் யாரும் நின்றதில்லை.

எல்லாக் கிராணியும் கெட்டவர் இல்லை. தண்ணீர் கலந்த ஆட்களும் இருந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் இருந்த தோட்டத்தில் ஒருவர் மழை பெய்யாத நாளிலும் எண்ணைக் குறைத்துச் சொல்வார். என் அம்மா ஒரு நாள், "ஐயா, நேத்தும் இதே மரம், இதே பாலு, நேத்து கூட வந்துச்சே" என்று கேட்டார். அடுத்த வாரம் அம்மாவுக்கு மேட்டுக்காட்டில் கடைசி நிரை. பட்டை பழசாகிப் பால் வற்றிய மரங்கள். அப்புறம் அம்மா கேட்கவே இல்லை.

அவர் எடுத்தது ஒரு நாளைக்குச் சில காசுதான். ஆனால் எத்தனை வாளி, எத்தனை நாள், எத்தனை ஆள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழையிடம் பெட்டியில் பணம் இருக்காது, தங்கச்சி. அவன் கையில் இருப்பது அன்றைய உழைப்பு. அது கூலியாக மாறி அவன் கைக்கு வருவதற்குள் வழியிலேயே எடுத்துவிடலாம்.

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் தொடங்கும். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டோர் வாசலின் அமோனியா வாடை வந்துவிடும்.

கிந்தாக் கரை | சனி, காலை 7.10

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

நான் சபையில் அவ்வப்போது பிரசங்கம் செய்கிறவன். இந்த வசனத்தில் நாம் சட்டென்று தாண்டிப் போவது "என்று" என்கிற சின்னச் சொல். ஏழையைக் கொள்ளையிடாதே என்று மட்டும் சொல்லியிருக்கலாம். "ஏழையாயிருக்கிறான் என்று" கொள்ளையிடாதே என்கிறது வேதம். அவனிடம் நிறைய இருக்கிறது என்பதற்காக யாரும் அவனைக் கொள்ளையிடுவதில்லை. அவனால் திருப்பிக் கேட்க முடியாது என்பதற்காகவே கொள்ளையிடுகிறார்கள். ஐயாவின் அம்மா கேட்டார், கடைசி நிரை கிடைத்தது. அந்த "என்று" அதுதான்.

வசனத்தின் அடுத்த பாதி, சிறுமையானவனை நியாயஸ்தலத்தில் உபத்திரவப்படுத்தாதே என்பது. எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல்லுக்கு வாசல் என்று பொருள், ஊரின் மதில் வாசல். மூப்பர்கள் அங்கே உட்கார்ந்துதான் வழக்கு விசாரிப்பார்கள். போவாஸ் என்ற நிலக்காரர், ஏழை விதவை ரூத்தை மணக்கும் காரியத்தைப் பேசி முடித்ததும் அங்கேதான். நம் ஊரில் ஆபீஸ் வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் உட்காரச் சொல்லி, மத்தியானம் வரை காக்க வைத்து, "மேனேஜர் வெளியே போயிட்டார், நாளைக்கு வா" என்று சொல்கிறோமே, அந்த இடம்.

அதற்கடுத்த வசனத்தில் கர்த்தர் அவர்களுக்காக வழக்காடுவார் என்று வருகிறது. வக்கீல் வைக்க முடியாதவனுக்கு அவரே வக்கீலாகிறார்.

ஒரு கூடுதல் செய்தி. நீதிமொழிகளின் இந்தப் பகுதிக்கும், எகிப்தின் ஆமெனெமோபே என்பவர் பெயரில் வழங்கும் பழைய அறிவுரைகளுக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. அந்தப் பாப்பிரஸ் ஏடு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் எளியவனைக் கொள்ளையிடாதே, எல்லைக்கல்லை நகர்த்தாதே என்று வருகிறது. நைல் நதிக்கரையிலும் இதே அநியாயம் நடந்திருக்கிறது, அதைப் பார்த்து வேதனைப்பட்ட மனிதரும் இருந்திருக்கிறார்.

உழைத்து வாழ் | சனி, காலை 11.32

எல்லாம் சரி. ஆனால் அதே நீதிமொழிகள் 10:4, சோம்பற்கையால் வேலை செய்கிறவன் ஏழையாவான் என்றும் சொல்கிறதே. அதை ஏன் யாரும் எடுப்பதில்லை? என் அப்பாவும் தோட்டத்துக்காரர்தான். வேலை முடிந்ததும் மாடு வளர்த்தார், நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பக்கத்து வீட்டில் அதே சம்பளம், ஆனால் சம்பளத்தன்றே பாதி கள்ளுக்கடையில் போய்விடும். அந்த வீட்டுப் பிள்ளைகள் என் கூடப் படித்து ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். இதையும் பேசாமல் முதலாளியை மட்டும் குறை சொன்னால் நம் ஜனங்களுக்கு நாம் நல்லது செய்யவில்லை. மனவருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆறாம் கட்டை | சனி, மதியம் 12.05

உங்கள் அப்பாவுக்கு என் மரியாதை, தம்பி. கள்ளுக்கடை குடும்பங்களை அழித்தது உண்மை.

ஆனால் அந்தக் கடையைத் தோட்டத்துக்குள் வைத்தது யார்? 1941ல் கிள்ளான் வட்டாரத்தில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்ட கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்பது இன்னொன்று. குடிக்கிறான் என்று பேசப்பட்ட அதே ஜனம்தான் கடையை மூடச் சொல்லிப் போராடியது. இதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கிந்தாக் கரை | சனி, மதியம் 12.40

10:4 வேதத்தில் இருக்கிறது, நான் அதை ஒதுக்கவில்லை. நீதிமொழிகள் 13:23ஐயும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஏழைகளின் வயல் மிகுதியாக விளைவிக்கும், ஆனால் நியாயம் கிடைக்காமல் கெட்டுப்போகிறவர்கள் உண்டு என்கிறது. அவன் உழுதான், வயலும் விளைந்தது, ஆனாலும் அவன் வீட்டில் அரிசி இல்லை. ஒரே புத்தகம் இரண்டையும் சொல்கிறது என்றால், எதிரே நிற்கிறவன் இந்த இரண்டில் யார் என்று விசாரித்துப் பார்க்கும் வேலை நம்முடையது. எழுபது வயதில் வெயிலில் குனிந்து பழம் பொறுக்குகிற பாட்டிக்கு 10:4ஐ வாசித்துக் காட்ட என்னால் முடியாது.

உழைத்து வாழ் | சனி, மதியம் 1.15

அந்தப் பாட்டிக்கு இல்லை. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு வரவேண்டிய சம்பளம் வரவேண்டும், அதில் பேச்சே இல்லை.

தொழிற்சங்கத் தம்பி | சனி, மாலை 4.50

அக்கா, சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதுகிறேன், பயன்படும்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை, அந்தச் சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். "எனக்கே எண்ணெய் மில்லிலிருந்து பணம் வரவில்லை" என்பது சம்பளத்தை நிறுத்தக் காரணம் ஆகாது. சாக்குக் கணக்கில், டன் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2013ல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியில் (ரிங்கிட்) ஆரம்பித்தது, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு அது அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. குத்தகைக்காரர் (காண்டிராக்டர்) கொடுக்காவிட்டால் அவருக்கு வேலையைக் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் அதற்கு மாத வரம்பும் கால வரம்பும் இருக்கிறது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

நான் இந்து. ஆனாலும் நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு உபாகமம் 24ஐத் தேடிப் படித்தேன். கூலிக்காரனுடைய கூலியை அவன் வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறது. அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் இருக்கிறது. நம் சட்டம் ஏழு நாள் தருகிறது. அந்தச் சட்டம் சூரியன் மறையும் வரைதான் தந்திருக்கிறது. ஆவலாயிருக்கிறான் என்ற சொல்லைப் படித்ததும் என் சின்ன வயசுச் சம்பள நாள் ஞாபகம் வந்துவிட்டது. அம்மா கடைக் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்.

முருகனடிமை | சனி, இரவு 8.20

அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண்ணீர் அன்றே
செல்வத்தைத் தேய்க்கும் படை.

குறள் 555. என் பாட்டி சுருக்கமாக, ஏழை அழுத கண்ணீர் கூரிய வாள் என்பார். கோவிலோ சபையோ, நாம் பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான்.

குத்தகைக்காரன் | சனி, இரவு 11.48

பெயரைப் பார்த்தாலே தெரியும். நான் அந்தப் பாட்டியின் காண்டிராக்டர் இல்லை, ஆனால் அதே தொழில். என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள்.

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். குலை வெட்டி, பழம் பொறுக்கி, லாரி ஏற்றி அனுப்புகிறேன். தோட்டம் எனக்குப் பணம் தர ஒன்றரை மாதம் ஆகிறது. டீசல், லாரித் தவணை, அரிவாள், வெளிநாட்டு ஆட்களுக்கு அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி, பெர்மிட் எல்லாம் முன்பணம். போன வருடம் இரண்டு முறை மனைவியின் சங்கிலியைப் பஜாக் கடையில் (அடகுக் கடையில்) வைத்துத்தான் சம்பளம் கொடுத்தேன். ஒரு மாதம் கொடுக்க முடியாமலும் போயிருக்கிறது. நானும் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) பிறந்தவன். என்னைப் பணக்காரன் என்று நினைத்துப் பேசினால் வலிக்கிறது.

லயத்து வீடு | ஞாயிறு, மதியம் 2.30

அண்ணே, நீங்கள் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. சங்கிலியை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்த அண்ணி கழுத்தில் அது சீக்கிரம் திரும்ப வரட்டும்.

இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீதிமொழிகள் 28:3 இன்று காலை என் கண்ணில் பட்டது. ஏழைகளை ஒடுக்குகிற ஏழை, ஆகாரம் விளையாதபடி வெள்ளமாய் அடித்துக்கொண்டு போகிற மழையைப் போலிருக்கிறான் என்கிறது. மழை வந்தால் காடு செழிக்கும் என்றுதானே காத்திருப்போம்? வந்த மழையே போட்ட உரத்தையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? நம்மோடு லயத்தில் வளர்ந்தவர் காண்டிராக்டர் ஆனபோது பாட்டி போன்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள், "நம்ம பையன், நம்ம கஷ்டம் தெரியும்" என்று. அதனால்தான் சம்பளம் நிற்கும்போது இரட்டிப்பாக வலிக்கிறது.

உங்களுக்கு ஒன்றரை மாதம் தாமதிக்கிறவர்களையும் இந்த வசனங்கள் விடவில்லை, அண்ணே. யாக்கோபு 5:4, வயல்களை அறுத்தவர்களுடைய கூலி பிடித்துவைக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று வயலின் சொந்தக்காரரைப் பார்த்துத்தான் சொல்கிறது. கூலியே கத்துகிறதாம். வேலை செய்தவன் பயந்து வாயை மூடிக்கொண்டாலும் அது கத்தும்.

குத்தகைக்காரன் | ஞாயிறு, மாலை 6.10

கொடுக்க முடியாமல் போன அந்த மாதத்தில் நான் லாரித் தவணையை மட்டும் தவறாமல் கட்டினேன். வங்கி லாரியை இழுத்துவிடும் என்ற பயம். ஆட்கள் என்ன செய்துவிடுவார்கள் என்று அப்போது யோசிக்கவே இல்லை. மேலே "என்று" பற்றி எழுதியிருந்தாரே, அதைப் படித்ததிலிருந்து அதுவே மனதில் ஓடுகிறது. அந்த மாதப் பாக்கி மூன்று பேருக்கு இன்னும் இருக்கிறது.

பழைய கணக்கு | ஞாயிறு, இரவு 9.05

சம்பளத்தோடு நின்றுவிடாதீர்கள், இன்னும் இரண்டு கொள்ளை இருக்கிறது.

ஒன்று, ஏ.டி.எம். கார்டு. கடன் கொடுக்கிறவர் கார்டையும் இரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். சம்பளம் ஏறிய அன்றே அவர் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். உபாகமம் 24:6, திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது ஜீவனை அடகு வாங்குவது போலாகும் என்கிறது. மாவு அரைக்கும் கல் போனால் அன்று ரொட்டி இல்லை. கார்டு போனாலும் அதேதான். அதே அதிகாரத்தில், ஏழையின் போர்வையை அடகு வாங்கியிருந்தால் சூரியன் மறையும்போது திருப்பிக் கொடு, அவன் அதைப் போர்த்திப் படுக்கட்டும் என்றும் இருக்கிறது. கடன் கொடுக்கக் கூடாது என்று வேதம் சொல்லவில்லை. கொடுத்தவனுக்கும் எல்லை போடுகிறது.

இரண்டு, பாஸ்போர்ட். செம்பனைக் காட்டில் இன்று நிறையப் பேர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். உபாகமம் 24:14 கூலிக்காரனைச் சொல்லும்போது உன் சகோதரன், உன் தேசத்திலுள்ள அந்நியன் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்கிறது. நம் தாத்தாக்கள் இங்கே அந்நியராக வந்தவர்கள். இதை நாமே மறந்தால் வேறு யார் ஞாபகம் வைப்பார்கள்?

கிந்தாக் கரை | திங்கள், காலை 6.55

உதிரிப்பழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாகப் பழுத்த குலையிலிருந்து உதிர்வதுதான் உதிரிப்பழம், எண்ணெய் அதில்தான் அதிகம். மில்லுக்கு அது தங்கம். இஸ்ரவேலில் சட்டம் வேறு மாதிரி. திராட்சத்தோட்டத்தில் உதிர்ந்ததை நீ பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது லேவியராகமம் 19:10. ஒலிவமரத்தை ஒரு தரம் உதிர்த்தபின் கிளைகளில் மிஞ்சியதைத் தேடித் திரும்பப் போகாதே என்கிறது உபாகமம்.

இதைத் தர்மம் என்று நான் ரொம்ப நாள் பிரசங்கித்தேன். இப்போது அப்படிச் சொல்லக் கூசுகிறது. தர்மம் என்றால் யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று கொடுப்பவன் முடிவு செய்வான். இங்கே நிலத்துக்காரனுக்கு அந்த முடிவே இல்லை. உதிர்ந்தது அவனுடையதே இல்லை. ரூத் யார் வீட்டு வாசலிலும் நின்று கையேந்தவில்லை. வயலுக்குப் போய், வெயிலில் குனிந்து, மாலையில் தானே தட்டிப் புடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்காக நாளைக் காலையில் தோட்டத்துக்குள் புகுந்து பழம் பொறுக்குங்கள் என்று சொல்லவில்லை. நம் நாட்டுச் சட்டப்படி அது திருட்டு. ஆனால் பாட்டி பொறுக்குகிற ஒவ்வொரு சாக்குக்கும் கூலி கொடுக்காமல் இருப்பதை எந்தச் சட்டத்தில் வைப்பது?

இன்னொன்று. லேவியராகமம் 19:15, விசாரணையில் சிறியவனுக்கு முகதாட்சணியம் காட்டாதே, பெரியவனுக்கு அஞ்சாதே என்கிறது. பாட்டி பாவம் என்பதற்காகக் கணக்கைக் கூட்டியும் சொல்ல வேண்டாம். எத்தனை சாக்கோ அத்தனை.

லயத்து வீடு | திங்கள், இரவு 10.15

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று ஆராதனை முடிந்ததும் அந்தக் காண்டிராக்டரைப் பார்த்துப் பேசினேன். ஆம், எங்கள் சபைக்காரர்தான். முதல் பதிவில் அதை எழுதத் தைரியம் வரவில்லை. கால் நடுங்கியது. "வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்றார். நீதிமொழிகள் 3:28ல் இருப்பது அப்படியே இந்தப் பேச்சுதான்: போய்த் திரும்ப வா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே. அதை அவரிடமே சொன்னேன். முகம் மாறிவிட்டது. அப்புறம், இன்று மாலை ஒரு மாதச் சம்பளத்தைப் பாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இரண்டாவது மாதக் கணக்கில் சாக்கு எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்கிறாராம்.

பாட்டியிடம் கணக்கு இருக்கிறது! எழுதத் தெரியாது, ஆனால் காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே ஒரு சாக்குக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். நான் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு நாள் ஏழு கோடு, மழை நாளில் இரண்டு. ஒரு தேதியில் கோடே இல்லை, "அன்னிக்குக் காய்ச்சல், போகல" என்றார். இப்படிக் கணக்கு வைக்கிறவர் கூட்டிச் சொல்வாரா?

அரிசிப் பட்டியலைப் பற்றியும் கேட்டேன். "குடும்மா, வாங்கிக்கிறேன். ஆனா சம்பளத்துக்குப் பதிலா அதைக் குடுக்காதீங்க" என்றார். புதன்கிழமை வேதபாடத்தில் இதைப் பாட்டி வாயாலேயே சொல்ல வைக்கப் போகிறேன்.

தம்பி, தொழிலாளர் அலுவலகத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

குத்தகைக்காரன் | திங்கள், இரவு 10.50

என் பாக்கியில் இரண்டு பேருக்கு இன்று கொடுத்துவிட்டேன். மூன்றாவது ஆள் நேப்பாளத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் நண்பரிடம் வங்கிக் கணக்கு எண் கேட்டிருக்கிறேன்.

தொழிற்சங்கத் தம்பி | திங்கள், இரவு 11.20

அக்கா, பாட்டியின் அடையாள அட்டை, அந்தக் காலண்டர், சம்பளம் கொடுத்ததற்கு ஏதாவது சீட்டு இருந்தால் அது. காலண்டரை ஒவ்வொரு பக்கமாகப் போன் கேமராவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். எந்தக் காட்டில், எந்தத் தேதி முதல் வேலை, கூட வேலை செய்தவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வக்கீல் தேவையில்லை. பாட்டியைப் பேச விடுங்கள், அவர் மறந்ததை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

வியாழக்கிழமை எனக்கு விடுப்பு. காலை ஏழரைக்குப் பஸ் நிலையத்தில் காருடன் இருப்பேன். பாட்டிக்கு முன் இருக்கை.

லயத்து வீடு | திங்கள், இரவு 11.26

சரி தம்பி. ஏழரைக்கு. காலண்டரை இப்போதே மழைக்கோட்டுப் பையில் சுற்றி வைத்துவிட்டேன்.